உங்களுக்குத் தெரியுமா? தண்டவாளம் போன வழியில் சைக்கிள்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து மேரிலாந்து மாநிலத்திலுள்ள கம்பர்லாந்து வரை 240 கிலோமீட்டர் சைக்கிளிலேயே போகலாம். ஊர்களுக்குள் ஆங்காங்கே தெருவைத் தொட்டுக் கடப்பதைத் தவிர, வழியில் கார், லாரி எதுவும் கூட வராது. 'கிரேட் அலெகேனி பாசேஜ்' என்பது இந்தப் பாதையின் பெயர். நிலக்கரியும் கல்கரியும் ஏற்றிய ரயில்கள் இரவு பகலாக ஓடிய தடம். மனாங்கஹேலா, யாக்கியகேனி, கேஸல்மன் ஆகிய ஆறுகளின் கரையை விடாமல் பிடித்துக்கொண்டு மலைக்குள் போகிறது. கட்டணம் கிடையாது.

● ரயிலுக்கு மேடு ஆகாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்காமல் சுமையை இழுக்க வேண்டுமானால், ஏற்றம் மிகக் குறைவாக இருந்தாக வேண்டும். அதனால்தான் மலை குறுக்கிட்டால் குடைந்தார்கள், பள்ளம் வந்தால் பாலம் போட்டார்கள், மற்றபடி ஆறு வளைந்த இடமெல்லாம் பாதையையும் வளைத்தார்கள். என்ஜினுக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்த அந்த வேலையின் பலன் இன்று மிதிப்பவரின் முழங்காலுக்குக் கிடைக்கிறது. பிட்ஸ்பர்க்கிலிருந்து பாதையின் உச்சி வரை சுமார் 200 கி.மீ.; அத்தனை தூரத்தில் உயர்வது ஏறத்தாழ 510 மீட்டர்தான். கம்பர்லாந்துப் பக்கத்திலிருந்து வந்தால் 38 கி.மீ.க்குள் 540 மீட்டர் ஏற வேண்டும். கடினமான பக்கம் என்று சொல்லப்படும் அங்கேகூட நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டருக்கு மேல் ஏற்றம் இல்லை. மலையேறுகிறோம் என்ற நினைப்பே வராமல் பிள்ளைகளும் தாத்தா பாட்டிகளும் ஒன்றாக மலை ஏறிவிடுகிறார்கள்.

● மேடில்லாத பாதையிலும் ஒரு சங்கடம் உண்டு. இறக்கம் வந்தால்தானே காலை நிறுத்தி இளைப்பாற முடியும்? இங்கே மணிக்கணக்கில் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். உட்காரும் விதமும் மாறாது, பிடிக்கும் விதமும் மாறாது. மூச்சு வாங்காது, ஆனால் சீட்டில் அமரும் இடம் வலிக்கும், உள்ளங்கை மரத்துப்போகும். அவ்வப்போது சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிப்பதும், கையைப் பிடிமாற்றிக்கொள்வதும்தான் இதற்கு வழி.

● பெரும்பாலான தூரத்துக்குத் தார் கிடையாது. நொறுக்கிய சுண்ணாம்புக்கல்லைக் கொட்டி, உருளை விட்டு அழுத்தியிருக்கிறார்கள். காய்ந்திருக்கும்போது சிமெண்டுத் தரை மாதிரி கெட்டியாக இருக்கும். மழை பெய்துவிட்டால் கதையே வேறு. சாம்பல் நிறக் குழம்பு டயரிலிருந்து தெறித்து, செயினின் கண்ணிக்குக் கண்ணி ஏறிக்கொண்டு, பிரேக்கில் நறநறவென்று அரைபடும். மெல்லிய ரேஸ் டயரைக் கழற்றிவிட்டு 32 மி.மீ. அல்லது அதற்கும் அகலமான டயரைப் போட்டுக்கொள்வது நல்லது. மட்கார்டு அவசியம். ஈரத்தில் ஓட்டிய அன்று செயினைத் துடைத்து எண்ணெய் விட்ட பிறகுதான் படுக்கப் போக வேண்டும்.

● பாதையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 729 மீட்டர். கிழக்கு அமெரிக்காவின் நீரைப் பிரிக்கும் மேடு அதுதான். அதன் மேற்கே விழும் மழைத்துளி கேஸல்மன், யாக்கியகேனி, மனாங்கஹேலா, ஒஹையோ, மிஸிஸிப்பி என்று ஆறு மாறி ஆறு மாறி மெக்ஸிகோ வளைகுடாவுக்குப் போகிறது. கிழக்கே விழுந்தது பொட்டோமாக் ஆற்றோடு சேர்ந்து அட்லாண்டிக் பக்கம் போய்விடுகிறது. சைக்கிளின் முன்சக்கரம் ஒரு கடலுக்கும் பின்சக்கரம் இன்னொரு கடலுக்குமாக நிற்கும் இடம்.

● அந்த உச்சியைத் தாண்டியதும் 'பிக் சேவேஜ்' சுரங்கப்பாதை. நீளம் 1,004 மீட்டர். குடைந்தது 1911-12இல். ரயில் நின்றபின் கவனிப்பாரற்றுச் சிதைந்து கிடந்ததைப் பெரும் செலவில் பழுதுபார்த்து, உள்ளே விளக்குப் போட்டிருக்கிறார்கள். கோடையிலும் சில்லிடும். குளிர்காலத்தில் இரு வாயிலையும் கதவு போட்டு மூடிவிடுகிறார்கள். கசிகிற நீர் உறைந்து, இளகி, மறுபடி உறைந்தால் சுவர்ப்பூச்சு பெயர்ந்து போகும் என்பதே காரணம். அதனால் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை இந்தப் பாதையை முழுதாகக் கடக்க முடியாது. பயணத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தேதியைத்தான்.

● சுரங்கத்துக்குத் தெற்கே சிறிது தூரத்தில் மேஸன்-டிக்ஸன் கோட்டைத் தாண்டுகிறோம். 1763 முதல் 1767 வரை இருவர் காட்டையும் மலையையும் அளந்து போட்ட எல்லை அது. பின்னாளில் அடிமைமுறை இருந்த மாநிலங்களையும் இல்லாத மாநிலங்களையும் பிரிக்கும் கோடாக வரலாற்றில் நின்றது.

● மையர்ஸ்டேல் ஊருக்கு அருகே சாலிஸ்பரி பாலம். 582 மீட்டர் நீளம், 31 மீட்டர் உயரம். 1912இல் திறந்த ரயில்வே பாலம். ரயில் நின்றது 1975இல். மேலே சைக்கிள் போக, கீழே ஆறும் வயல்களும் நெடுஞ்சாலையும், இன்றும் சரக்கு ரயில் ஓடும் இன்னொரு தண்டவாளமும் தெரிகின்றன. பள்ளத்தாக்கின் இரு கரையிலும் போட்டி போட்டு இரண்டு கம்பெனிகள் ரயில் விட்ட இடம் இது. தோற்ற கம்பெனியின் பாதை சைக்கிளுக்குக் கிடைத்தது.

● கம்பர்லாந்துப் பக்கம் பிரஷ் சுரங்கப்பாதை என்று ஒன்று. அங்கே சுற்றுலா ரயிலும் சைக்கிளும் ஒரே குகைக்குள் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன! இரட்டைப் பாதைக்காக வெட்டிய அகலம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ரயில் வரும் சத்தம் கேட்டால் வெளியிலேயே காத்திருந்து, அது போனபின் நுழைவதே நல்லது.

● 1754இல், அமெரிக்கா என்ற நாடு பிறக்கும் முன்பே, இருபத்திரண்டு வயது ஜார்ஜ் வாஷிங்டன் யாக்கியகேனி ஆற்றில் படகு விடலாமா என்று பார்க்க வந்தார். இன்று பிட்ஸ்பர்க் இருக்கும் இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை கட்டியிருந்தார்கள். அங்கே படையையும் சாமான்களையும் நீர்வழியாகக் கொண்டுபோகலாம் என்பது அவர் எண்ணம். ஒஹையோபைல் அருவியைக் கண்டதும் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். பாறைகளுக்கு நடுவே நுரைத்து ஓடும் அந்த ஆறு ஒரு காட்டுத் துண்டைச் சுற்றி வளைந்து திரும்புகிறது. சைக்கிள் பாதை அடுத்தடுத்து இரண்டு பாலங்களில் அதைத் தாண்டுகிறது. 1986இல் இந்தப் பாதையின் முதல் துண்டு திறக்கப்பட்டதும் ஒஹையோபைலில்தான். நீளம் பதினைந்து கிலோமீட்டருக்குள். பிட்ஸ்பர்க்கின் முனை வரை கடைசித் துண்டு சேர்ந்தது 2013இல். ஒவ்வொரு பாலத்துக்கும் பணம் தேடி, ஒவ்வொரு நிலச் சொந்தக்காரரிடமும் பேசி, 27 ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். உள்ளூர்த் தன்னார்வலர்கள் இன்றும் விழுந்த மரத்தை அறுத்து, அடைத்த வடிகாலைத் தோண்டிவிடுகிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் பாதை புதராகிவிடும்.

● வழியெங்கும் அழகு மட்டும் இல்லை. யாக்கியகேனிக் கரையில் டார் நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தைப் பாதை கடக்கிறது. 1907 டிசம்பர் 19 அன்று அங்கே நடந்த வெடிப்பில் 239 பேர் இறந்தார்கள். பலர் ஹங்கேரியிலிருந்து பிழைக்க வந்தவர்கள், சிறுவர்களும் இருந்தார்கள். அன்று கிழக்கத்தியத் திருச்சபையின் புனித நிக்கோலஸ் திருநாள். கோயிலுக்குப் போவதற்காக வேலைக்கு வராமல் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அதே மாதம் மேற்கு வர்ஜீனியாவின் மனாங்காவில் இன்னொரு சுரங்கம் வெடித்து 362 பேர் போயிருந்தார்கள். சுரங்கப் பாதுகாப்புக்கென்று அமெரிக்க அரசு 1910இல் தனித் துறை அமைத்ததற்கு இந்தச் சாவுகளே காரணம். அங்கே நிற்கும் பெயர்ப்பலகையைப் படிக்க ஐந்து நிமிடம் சைக்கிளை நிறுத்துவது நம் கடமை. கைவிட்ட சுரங்கங்களிலிருந்து கசியும் இரும்புக்கறை நீர் இன்றும் ஆங்காங்கே பாறைகளைத் துருநிறமாக்கிக்கொண்டு ஆற்றில் இறங்குகிறது.

● பிட்ஸ்பர்க்கை நெருங்கும்போது வரும் 'ஹாட் மெட்டல்' பாலத்தின் மேல் ஒரு காலத்தில் உருகிய இரும்பு, கொப்பரை கொப்பரையாக ரயிலில் ஆற்றைக் கடந்தது. இன்று நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் கடக்கிறார்கள்.

● தண்டவாளத்தைப் பெயர்த்தால் பாதை தானாகக் கிடைத்துவிடாது. அமெரிக்காவில் 1916இல் சுமார் 4 லட்சம் கி.மீ. ரயில் வழி இருந்தது. பிறகு லாரியும் காரும் பெருகப் பெருக, வழிகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டார்கள். அந்த நிலத்தில் பெரும்பகுதி கம்பெனிகளுக்குச் சொந்தமே இல்லை. ரயில் ஓடும் வரைக்கும் என்று வாங்கிய வழியுரிமைதான். ரயில் நின்றதும் நிலம் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் துண்டு துண்டாகத் திரும்பிவிடும். நூறு ஆண்டுகளுக்கு முன் மலையை வெட்டிச் சேர்த்த வழி ஒருமுறை துண்டானால் மறுபடி சேராது. ஒரே ஒருவர் வேலி போட்டாலும் போதும். இதைத் தடுக்க 1983இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. எதிர்காலத்தில் ரயிலுக்குத் தேவைப்பட்டால் திருப்பித் தர வேண்டும். அதுவரை நடைக்கும் சைக்கிளுக்கும் பயன்படுத்தலாம். அப்படிச் செய்தால் வழியைக் கைவிட்டதாகக் கணக்கில்லை. நிலக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1990இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. நாட்டின் எத்தனையோ தடங்கள் துண்டாகாமல் பிழைத்தது இதனால்தான். இப்படிக் காத்து வைத்ததில் சிலவற்றில் மறுபடி ரயிலும் ஓடுகிறது. எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது இந்த ஏற்பாட்டைத்தான்.

● கம்பர்லாந்தில் பாதை முடிகிறது, பயணம் முடிவதில்லை. அங்கிருந்து வாஷிங்டன் வரை இன்னும் 297 கி.மீ. பழைய கால்வாய்க் கரையில் போகலாம். கோவேறு கழுதைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த கரை. அந்தக் கால்வாய்க்கும், அதோடு போட்டியிட்ட ரயில் பாதைக்கும் பூஜை போட்டது ஒரே நாளில், 1828 ஜூலை 4 அன்று! ரயில் 1842இல் கம்பர்லாந்தைத் தொட்டது, கால்வாய் 1850இல். 1924 வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றது. பிறகு கரையை மோட்டார் சாலையாக்கிவிடலாம் என்ற திட்டம் வந்தது. 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையும் அதை ஆதரித்து எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், என்னோடு நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று ஆசிரியர்களை அழைத்தார். 1954 மார்ச்சில், கம்பர்லாந்திலிருந்து வாஷிங்டன் வரை முழுத் தூரத்தையும் அவர் நடந்தார். கிளம்பிய கூட்டத்தில் அவரோடு சேர்த்துக் கடைசிவரை நடந்தவர்கள் ஒன்பது பேர். பத்திரிகை தன் கருத்தை மாற்றிக்கொண்டது. 1971இல் கால்வாய் முழுவதும் தேசியப் பூங்காவானது. கார் ஏறாமல் தப்பிய அந்தக் கரையில்தான், பிட்ஸ்பர்க்கில் கிளம்பிய சைக்கிள் வாஷிங்டன் போய்ச் சேருகிறது.