மாரடைப்பைத் தடுக்குமா வைட்டமின் மாத்திரை?

ரத்தத்தில் உள்ள எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு, தமனியின் உட்சுவருக்குள் புகுந்து ஆக்சிஜனால் சிதையும்போது கூடுதல் தீங்கு செய்கிறது. சிதைந்த கொழுப்பை அகற்ற வரும் வெள்ளணுக்கள் அதை அளவின்றி விழுங்கி, உப்பி, அங்கேயே தேங்கிவிடுகின்றன. இப்படித் தேங்கும் அணுக்களிலிருந்துதான் தமனிப் படிவு வளர்கிறது. இதயத் தமனியில் அந்தப் படிவு பிளந்தால் அதன்மேல் ரத்தம் உறைந்து, ஓட்டம் தடைப்பட்டு, மாரடைப்பு வருகிறது.

அமெரிக்க மருத்துவர் டேனியல் ஸ்டைன்பெர்க்கும் அவருடைய சகாக்களும் 1989-ல் இந்த விளக்கத்தை விரிவாக முன்வைத்தார்கள். ஆக்சிஜனால் வரும் சிதைவைத் தடுக்கக்கூடியவை வைட்டமின் ஈ, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின் ஆகியவை. அவற்றை மாத்திரையாகக் கொடுத்தால் மாரடைப்பு குறையும் என்ற நம்பிக்கை எளிதில் பிறந்தது. 1993-ல் வந்த இரண்டு அமெரிக்க ஆய்வுகள் அதை உறுதிசெய்வதுபோல இருந்தன. 87,000-க்கும் அதிகமான செவிலியர்களையும், ஏறத்தாழ 40,000 ஆண் மருத்துவத் துறையினரையும் சில ஆண்டுகள் கவனித்ததில், வைட்டமின் ஈ மாத்திரையை இரண்டு ஆண்டுகளாவது எடுத்துக்கொண்டவர்களுக்கு இதயநோய் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாக இருந்தது.

ஆனால் தாமாகவே வைட்டமின் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் பொதுவாக உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள். அவர்களுடைய உணவு, உடற்பயிற்சி, வசதி எல்லாமே வேறு. கணக்கில் எவ்வளவு சரிசெய்தாலும் இந்த வேறுபாடு முழுதாக நீங்காது. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு வைட்டமினும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அப்படிச் செய்யப்பட்டவற்றில் மிகத் தெளிவான விடை தந்தது, 2002-ல் முடிவு வெளியான பிரிட்டனின் இதயப் பாதுகாப்பு ஆய்வு. இதயநோய், சர்க்கரைநோய் போன்றவற்றால் ஆபத்தில் இருந்த 20,536 பேர் இதில் சேர்ந்தார்கள். நாள்தோறும் வைட்டமின் ஈ 600 மில்லிகிராம், சி 250 மில்லிகிராம், பீட்டா கரோட்டின் 20 மில்லிகிராம் என ஐந்து ஆண்டுகள் கொடுக்கப்பட்டன. ரத்தத்தில் வைட்டமின் அளவு நன்றாகவே உயர்ந்தது. ஆனால் மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ சற்றும் குறையவில்லை. இதே ஆய்வில், இதே ஆட்களிடையே, சிம்வாஸ்டாட்டின் என்னும் கொழுப்புக் குறைப்பு மாத்திரையும் சோதிக்கப்பட்டது. அது மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை ஏறக்குறைய கால் பங்கு குறைத்தது. ஒரே ஆய்வுக்குள் ஒன்று பலித்து மற்றொன்று பலிக்காமல் போனதால், ஆய்வு நடந்த முறையில் குறை இருந்தது என்று சொல்ல இடமில்லை. 2000-ல் முடிவு வெளியான ஹோப் என்னும் மற்றோர் ஆய்விலும் வைட்டமின் ஈ பயன் தரவில்லை. 2005-ல் முடிவு வெளியான, ஏறத்தாழ 40,000 பெண்களிடம் பத்து ஆண்டுகள் நடந்த ஆய்விலும், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் சேர்த்துப் பார்த்தபோது பயன் தெரியவில்லை.

பயன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று எண்ணுவதும் தவறு. பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. நல்லது செய்வதாக நம்பி நாள்தோறும் விழுங்கிய மாத்திரை அது. 2001-ல் வெளியான 160 நோயாளிகளின் சிறு அமெரிக்க ஆய்வு வேறொரு கவலையை எழுப்பியது. சிம்வாஸ்டாட்டினும் நியாசின் என்னும் மற்றொரு கொழுப்பு மருந்தும் சேர்த்துக் கொடுத்ததில் இதயத் தமனி அடைப்பு சற்றே பின்வாங்கியது. கூடவே இந்த வைட்டமின்களையும் கொடுத்தபோது அந்த நன்மை மங்கியது. பிரிட்டன் ஆய்வில் சிம்வாஸ்டாட்டினின் பலனை வைட்டமின்கள் குறைக்கவில்லை என்பதால், இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது.

அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022-ல், இதயநோயையோ புற்றுநோயையோ தடுப்பதற்காகப் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் எடுக்க வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. இந்த ஆய்வுகள் எல்லாம் சோதித்தது மாத்திரைகளைத்தான். காய், பழம், கீரை, பருப்பு ஆகியவற்றை அல்ல. உடலில் வைட்டமின் பற்றாக்குறை இருப்பது தெரிந்து மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தாது.