'சர்வர் டவுன்' என்பது பதில் ஆகாது

மும்பையின் குர்லா ரயில் நிலையத்தில் மேற்குப் பக்கமாக இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் சற்று நேரத்தில் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ். யூபிஐ வலையமைப்பை நாடு முழுவதும் நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகமான என்பிசிஐயின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. தேசியப் பங்குச் சந்தையும் அங்கேதான். தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி விற்கப் போகிறவரின் க்யூஆர் அட்டைக்கும் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களுக்கும் அறுபடாத தொடர்பு உண்டு. அங்கே ஒரு சர்வர் திணறினால் இங்கே வியாபாரம் நின்றுவிடும்.

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை அப்படித்தான் நடந்தது. யூபிஐ பல மணி நேரம் தடுமாறியது. மார்ச் 26, ஏப்ரல் 2 தேதிகளிலும் இதே தொல்லை. ஏப்ரல் 12 அன்று நடந்தது யாரோ ஊடுருவியதால் வந்த கோளாறு அல்ல. 'பணம் போய்ச் சேர்ந்ததா?' என்று சில வங்கிகளின் மென்பொருள்கள் இடைவெளியே இல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தன. அந்தக் கேள்விகளின் வெள்ளத்தில் உண்மையான பணப் பரிமாற்றங்களும் மூழ்கின.

இப்படிக் குவியும் வேலை ஒரு சர்வரை எப்படி முடக்குகிறது? மாட்டுங்காவில் காலை நேர டிபன் ஹோட்டல் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். சாப்பிட்டு முடித்தவர் எழுந்தால்தான் அடுத்தவருக்கு இடம். எழாமல் ஆளுக்கு ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டால், அடுப்பு எரிந்தும் மாவு இருந்தும் வியாபாரம் நடக்காது. ஒவ்வொரு கோரிக்கையும் சர்வரின் நினைவகத்தில் கொஞ்சம் இடம் பிடிக்கிறது. வேலை முடிந்ததும் அதைத் திருப்பித் தர வேண்டும். எழுதியவரின் கவனக்குறைவால் மென்பொருள் திருப்பித் தராமல் போனால், அதை நினைவகக் கசிவு என்கிறார்கள். இடம் தீர்ந்ததும் சர்வர் தரவுகளை ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளி, தேவைப்படும்போது இழுத்து வரும். டிஸ்க்கின் வேகம் நினைவகத்தின் வேகத்துக்கு அருகில்கூட வராது. கடைசியில் தள்ளுவதும் இழுப்பதுமே முழு வேலையாகிவிடுகிறது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் பதில் வராது. இதைத்தான் 'ஹேங்' ஆகிவிட்டது என்கிறோம்.

உலகின் பெரிய நிறுவனங்களும் இதற்குத் தப்பியதில்லை. 2012 அக்டோபரில் அமேசானின் வடக்கு வர்ஜீனியா டேட்டா சென்டரில் பழுதான ஒரு சர்வரை மாற்றினார்கள். புதிய முகவரி எல்லா இயந்திரங்களுக்கும் போய்ச் சேரவில்லை. தகவல் சேகரிக்கும் சிறிய மென்பொருள் ஒன்று பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டலிலும் கொஞ்சம் நினைவகம் கசிந்தது. கசிவு மெல்ல மெல்லப் பெருக, அக்டோபர் 22 அன்று ரெடிட் உட்படப் பல தளங்கள் விழுந்தன. விழுவதற்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்கின்றன. கண்காணிப்பு அமைப்புதான் எச்சரிக்கவில்லை.

சர்வர் முடங்கியதும் உடனே ரீஸ்டார்ட் செய்வது பல அலுவலகங்களில் வழக்கம். இது தவறான வைத்தியம். ரீஸ்டார்ட் செய்ததும் நினைவகத்தில் இருந்த தடயம் அழிந்துவிடும். கசிவு மட்டும் அப்படியே இருக்கும். சில நாளில் மறுபடி முடங்கும். முதலில் எந்த புரோகிராம் எவ்வளவு நினைவகம் எடுத்திருக்கிறது, டிஸ்க்குக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று பதிவு செய்ய வேண்டும். நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் தானே ஒரு புரோகிராமைக் கொன்றுவிடும். பெரும்பாலும் அதிகம் இடம் பிடித்திருப்பதுதான் பலியாகும், அது தரவுத்தளமாகவும் இருக்கலாம். கொன்றது எதை என்று லாகில் எழுதியிருக்கும். நினைவகப் பயன்பாடு நாள்தோறும் படிப்படியாக ஏறி, ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மட்டும் இறங்குகிறது என்றால் கசிவைச் சந்தேகிக்கலாம். ஒரே நொடியில் எகிறினால் கோரிக்கைகளின் வெள்ளமாக இருக்கலாம். அதற்கு மருந்து கட்டுப்பாடு. என்பிசிஐ அதைத்தான் செய்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒரு செயலியில் நாளுக்கு 50 முறைதான் இருப்புத் தொகையைப் பார்க்கலாம். முடிவு தெரியாத பரிமாற்றத்தின் நிலையை மூன்று முறைதான், அதுவும் 90 நொடி இடைவெளி விட்டுத்தான், கேட்கலாம்.

இனி, பணம் பிடித்துக்கொள்ளப்பட்டவரின் உரிமை. 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையைப் பலரும் அறிவதில்லை. யூபிஐயில் ஒருவருக்கு அனுப்பிய பணம் கணக்கில் கழிந்து அவருக்குப் போகாவிட்டால், மறுநாளுக்குள் திரும்ப வர வேண்டும். கடைக்குச் செலுத்தியதற்கும், ஏடிஎம்மில் கழிந்து கைக்கு வராத பணத்துக்கும் ஐந்து நாள் கெடு. கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்காமலே வங்கி அதைத் தர வேண்டும். தராவிட்டால் எழுத்தில் கேட்கலாம். 'சர்வர் டவுன்' என்று சொல்லி இந்தக் கெடுவைத் தாண்ட எந்த வங்கிக்கும் உரிமை இல்லை.

பங்குச் சந்தையில் நடந்தது இன்னும் பெரிது. 2021 பிப்ரவரி 24 அன்று மாஹிமுக்கும் சயனுக்கும் இடையே நடந்த தோண்டும் பணியால் தொலைத்தொடர்பு இணைப்புகள் தடுமாறின. தேசியப் பங்குச் சந்தையில் தரவுச் சேமிப்பு அமைப்பும் பதில் தராமல் நின்றது. நண்பகலுக்குச் சற்று முன் நின்ற வர்த்தகம் மாலை 3.45க்குத்தான் மீண்டது. சந்தை மறுபடி திறக்குமா என்று தெரியாமல் பலர் தங்கள் ஒப்பந்தங்களை அவசரமாக முடித்துக்கொண்டார்கள். அடுத்த மாதமே, முக்கிய அமைப்புகள் 45 நிமிடத்துக்குள் மாற்று ஏற்பாட்டில் மீள வேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதித்தது. 2023இல் சந்தையும் அதன் தீர்வு நிறுவனமும் சேர்ந்து 72 கோடி ரூபாய்க்கு மேல் செலுத்தி அந்த வழக்கை முடித்துக்கொண்டன.

இவற்றைவிட மனதை வருத்துவது ரேஷன் கடைதான். விரல் ரேகைக் கருவியின் பின்னால் உள்ள சர்வர் நின்றதும் வெறுங்கையோடு அனுப்பப்படுபவர்கள் தினக்கூலிக்காரர்கள்; மறுநாள் வந்தால் மறுநாள் கூலியும் போகும். நெட்வொர்க் கோளாறையோ ரேகை பொருந்தாததையோ காரணம் காட்டி தானியத்தை மறுக்கக் கூடாது, தனிப் பதிவேட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபர் 24 அன்றே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. கடைக்காரரிடம் அந்தப் பதிவேட்டைக் கேட்பது சண்டை அல்ல, உரிமை.

முடக்க நேரத்தில் மோசடிக்காரர்களும் விழித்துக்கொள்கிறார்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் 'உதவி எண்ணில்' பேசிப் பணத்தை இழந்தவர்கள் ஏராளம். பணம் திரும்பப் பெற யூபிஐ பின் எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930ஐ அழைக்க வேண்டும்.

அடுத்த முறை திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தால், மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். இரண்டு முறை பணம் போகக்கூடும். பரிமாற்ற எண், தேதி, நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு செயலியிலும் வங்கியிலும் புகார் பதியுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.