பத்திரிகைக்கு எந்த மனு போடுவது?

ஏற்காடு ஒண்டிக்கடை பக்கத்தில் ஒரு டீக்கடை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் நாளிதழ்களை அங்கேதான் பலரும் பிரித்துப் படிப்பார்கள். ஒரு மே மாதக் காலை. பக்கம் முழுக்கக் கோடை விழா, மலர்க் கண்காட்சி, படகுத் துறையில் நிற்கும் வரிசை. காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் குடியிருக்கும் ஓர் அக்கா, படிக்கத் தெரிந்த பேரனை விட்டு ஒவ்வொரு பக்கமாகத் தேடச் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, நம்ம சுடுகாட்டுப் பாதைச் சேதி வரவே இல்லையே?"

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் அந்தத் தலித் குடும்பங்கள் மனு கொடுத்தபோது செய்தியாளர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள். எந்த நாளிதழிலும் ஒரு வரி வரவில்லை. பாதை என்ன ஆனது என்று அறிய, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அதைப் படித்துக் காட்டியதும் அக்கா கேட்டார்: "அப்போ பேப்பர்காரங்களுக்கு எந்த மனு போடறது?"

என்னிடம் பதில் இல்லை.

2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கும் தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அலுவலர் யார் யார், அவர்களின் மாதச் சம்பளம் எவ்வளவு என்பதை யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துப் பத்திரிகைகள் பல ஊழல்களை வெளியே கொண்டுவந்தன. அதற்கு நன்றி. இடித்துரைக்க ஆள் இல்லாத மன்னன் தானே கெடுவான் என்றார் வள்ளுவர். அப்படி இடித்துரைப்பவர்களை யார் இடித்துரைப்பது?

உரிமையாளர், வெளியிடுபவர், ஆசிரியர், ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்போர் ஆகியோரின் பெயர்களை ஆண்டுக்கு ஒருமுறை அச்சிட வேண்டும் என்றன 1956ஆம் ஆண்டின் பத்திரிகைப் பதிவு விதிகள். மார்ச் மாதத்தில் பொடி எழுத்தில் வந்த 'படிவம் 4' அதுதான். பத்திரிகை யாருடையது என்று அது சொன்னது. எந்தச் செய்தி வர வேண்டும், எது வரக்கூடாது என்று முடிவெடுக்கும் நாற்காலியில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை.

அந்தக் கணக்கை வெளியில் இருந்தவர்கள்தான் எடுத்தார்கள். 1996இல் ஓர் அமெரிக்கச் செய்தியாளர் கேட்டதற்காக, பி.என்.உனியால் என்ற மூத்த பத்திரிகையாளர் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடினார். ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்று 'பயனியர்' இதழில் எழுதினார். 2006இல் டெல்லி ஊடகங்களின் 315 உயர்பொறுப்பாளர்களை ஆய்வு செய்தார்கள். தலித்தும் இல்லை, பழங்குடியும் இல்லை. 2019இல் ஆக்ஸ்பாம், நியூஸ்லாண்ட்ரி ஆய்வில், 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. அப்போதும் தலித், பழங்குடியினர் எண்ணிக்கை பூஜ்யம். ஏற்காடு பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. அந்த மலையின் செய்தியைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் அம்மக்களில் எத்தனை பேர்?

2009 மக்களவைத் தேர்தலில் காசு வாங்கிக்கொண்டு செய்தி போட்டதாகப் புகார் எழுந்தபோது, இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் இருவர் குழுவை அமைத்தது. குழு பத்திரிகைகளின் பெயர்களோடு அறிக்கை தந்தது. 2010 ஜூலையில் கவுன்சில் அதை முழுதாக வெளியிடாமல் சுருக்கத்தோடு நிறுத்திக்கொண்டது. கடைசியில், தகவல் உரிமைச் சட்டத்தில் ஒருவர் மனு போட்டு, 2011 செப்டம்பரில் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகே முழு அறிக்கை வெளிவந்தது. அடுத்தவர் அலமாரியைத் திறந்த அதே சாவியைப் பத்திரிகை உலகத்தின் அலமாரிக்கும் போட வேண்டியிருந்தது.

"நாங்கள் தனியார்" என்பார்கள். அரசு விளம்பரமாக வரும் பணம் மக்கள் வரிப்பணம். "செய்தி தந்தவரைக் காட்டிக்கொடுக்க முடியாது" என்பார்கள். அதை யாரும் கேட்கவில்லை, காட்டிக்கொடுக்கவும் கூடாது.

நாங்கள் கேட்பது, ஆண்டுக்கு ஒருநாள் நான்கு கணக்கு. ஆசிரியர் குழுவில் தலித், பழங்குடியினர் எத்தனை பேர்? அரசு விளம்பரத்தில் வந்த பணம் எவ்வளவு? பகுதிநேரச் செய்தியாளருக்குச் சம்பளம் உண்டா, விளம்பரக் கமிஷன்தானா? வாசகர் புகார்கள் எத்தனை, அவற்றில் திருத்தியவை எத்தனை? இது முடியாத காரியமல்ல. 'தி இந்து' ஆங்கில நாளிதழ் 2006இலேயே புகார்களை விசாரிக்க வாசகர் ஆசிரியர் என்ற பொறுப்பை உருவாக்கியது.

அடுத்தவர் பத்திரிகையில் இடம் கிடைக்காததால்தான் 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' நடத்தினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 1920இல் அம்பேத்கரின் 'மூக்நாயக்' விளம்பரத்தைக் காசு கொடுத்தும் திலகரின் 'கேசரி' போடவில்லை. ஏன் போடவில்லை என்று கேட்க அன்றும் படிவம் இல்லை.

இந்த நாளிதழும் இதற்கு விலக்கல்ல, நானும் அல்ல. அந்தப் பாதைக்காக மனு எழுதியவர்களில் நானும் ஒருவன். இதைத் தெரிந்துகொண்டே இப்பத்தியைப் படியுங்கள். ஆசிரியர்களும் தங்களைப் பற்றி இவ்வளவாவது சொல்லட்டும். வரும் மார்ச்சில் அந்த நான்கு கணக்கை அச்சிட்ட பத்திரிகை ஒன்று மலை ஏறி வந்தால், அக்காவின் பேரனிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வேன்.