சிவப்பு விதையும் சின்னக் கைகளும்

ஆடிப்பட்டத்துக்கு முன்பே பல வீடுகளில் வேலை தொடங்கிவிடுகிறது. பால்கனி ஓரத்திலோ சமையலறை ஜன்னலடியிலோ ஒரு குழித்தட்டு. அதில் ஈரமான தென்னைநார்க் கழிவு. தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகள். பக்கத்தில் இரண்டு மூன்று வயதுக் குழந்தை. அந்தப் பிள்ளையை விரட்ட வேண்டியதில்லை. எந்த விதை அதன் கைக்குப் போகிறது என்பதை மட்டும் பெரியவர்கள் பார்த்தே ஆக வேண்டும்.

கடையில் வாங்கிய பாக்கெட்டைப் பிரித்து ஒரு தட்டில் கொட்டிப் பாருங்கள். சில விதைகள் இயல்பான நிறத்தில் இருக்கும். சில, அழுத்தமான சிவப்பு, ரோஸ், பச்சை, நீலம் என்று பளபளக்கும். தொட்டால் விரலில் சாயம் ஒட்டும். சீரக மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ள அந்த நிறமே போதும். ஆனால் அது மருந்து கலந்த விதை என்று எச்சரிக்கத்தான் அந்தச் சாயம். நாற்றழுகலைத் தடுக்க திரம், கேப்டான், கார்பென்டாசிம் போன்ற பூஞ்சாணக் கொல்லிகளையும், சாறுறிஞ்சும் பூச்சிகளுக்காக இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லிகளையும் விதையில் பூசுகிறார்கள். கழுவினால் சாயம் போகலாம். மருந்தும் போய்விட்டது என்று நம்ப முடியாது. நிறமில்லாத விதையானாலும் உறையைப் படிக்காமல் குழந்தையிடம் கொடுக்காதீர்கள்.

உறையில் படிக்க ஏதாவது இருக்க வேண்டும் என்பது நம் உரிமை. 1968ஆம் ஆண்டின் விதை விதிகளின்படி, மருந்திட்ட விதை என்றால் அதையும், மருந்தின் பெயரையும் லேபிளில் அச்சிட வேண்டும். மருந்து மனிதருக்குத் தீங்கானது என்றால் உணவு, தீவனம், எண்ணெய்க்குப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையும் வேண்டும். பாதரசம் போன்ற கடும் நஞ்சு என்றால் ‘விஷம்’ என்பதைச் சிவப்பில் பெரிதாகப் போட வேண்டும். குவியல் எண், பரிசோதனைத் தேதி, முளைப்புத் திறன் ஆகியவையும் லேபிளில் இருக்க வேண்டியவை. குறைந்தபட்ச முளைப்பு தக்காளி, கத்தரிக்கு 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. பெரிய பையைப் பிரித்து, பெயர் மட்டும் எழுதிய பிளாஸ்டிக் கவரில் போட்டு விற்கும்போது இத்தனையும் காணாமல் போகிறது. குழந்தை இருக்கும் வீட்டுக்கு அந்தக் கவர் வேண்டவே வேண்டாம். ‘மருந்து கலக்காத விதை இருக்கிறதா?’ என்று கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைக்கும் விதைக்க ஆசை இருக்குமே? சமையலறை வெந்தயம், கொத்தமல்லி, பச்சைப்பயறு இருக்கின்றன. சாப்பிட வாங்கியவை என்பதால் அவற்றில் விதை மருந்து கிடையாது. அவற்றை அதன் கையால் தூவவிடுங்கள். தக்காளியைப் பெரியவர் போடட்டும். மொச்சை, பட்டாணி, கொண்டைக்கடலையைச் சின்னக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைக்கும். மூக்குக்குள் போனாலோ ஈரத்தில் ஊறிப் பருக்கும். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமெடுத்துச் சளி ஒழுகினால் சந்தேகப்படுங்கள். தண்ணீர் விடாமல், இடுக்கியால் நோண்டாமல், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மீந்த விதையை ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ அஞ்சறைப் பெட்டியிலோ போடக் கூடாது. உறையோடு மடித்து, பூட்டும் அலமாரியில் வையுங்கள். நன்றாக மக்கிய உரத்தையே பயன்படுத்துங்கள். பச்சைச் சாணமும் கோமியமும் கலந்த கரைசல் குழந்தையின் கைக்கு ஆகாது. தென்னைநார்க் கழிவை வெளியே வைத்து நனைத்துவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள், தூசு பறக்காது. வேலை முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தட்டுக்கடியில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையாவது கொட்டிவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழெட்டு நாள் போதும். தண்ணீர் வாளியைத் திறந்து வைத்துவிட்டு நகரவே நகராதீர்கள். சில அங்குலத் தண்ணீரிலும் சின்னக் குழந்தை மூழ்கிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் மருந்து விதை வாய்க்குள் போய்விட்டால், மிச்சத்தை விரலால் எடுத்துவிட்டு வாயைத் துடையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் என்று அக்கம்பக்கத்தில் சொல்வது எதையும் கொடுக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் விதையைவிடப் பெரிய ஆபத்து. உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்; மூச்சுத்திணறலோ மயக்கமோ வலிப்போ இருந்தால் 108. டெல்லி எய்ம்ஸின் நச்சுத் தகவல் மையத்தைக் கட்டணமில்லாமல் 1800 116 117இல் கேட்கலாம். விதை உறையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து என்று மருத்துவருக்குச் சொல்வது அதுதான்.

உறையில் எச்சரிக்கையே இல்லையென்றால்? உங்கள் பகுதி விதை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய்தான். ஒரு குழந்தையின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இது போதவே போதாது. ஆனால் வழி அதோடு முடிவதில்லை. விதை வாங்குபவர் நுகர்வோரே, விதைச் சட்டம் இருப்பது நுகர்வோர் மன்றத்துக்குப் போகத் தடையில்லை என்று 2012இல் தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போதிய எச்சரிக்கை இல்லாத பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம்; இணையத்திலும் தாக்கல் செய்யலாம். விதைப் பாக்கெட் போலக் குறைந்த விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம்.

இதற்கெல்லாம் ரசீது வேண்டும். 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ரசீது கொடுப்பது கடைக்காரரின் கடமை. முப்பது ரூபாய் பாக்கெட்டானாலும் கேட்டு வாங்குங்கள். உறையோடு சேர்த்து, காய்ப்பு முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.