சிறு கணிப்பொறியில் சித்திரம்

ஓவியன் ஒருவன் சிவப்புச் செம்பருத்திப் பூ ஒன்றை எழுதுகிறான். அதனை ஒட்டிப் பச்சை இலை ஒன்றையும் எழுதுகிறான். இலை திரையில் தோன்றிய அக்கணமே பூவின் ஓரமும் பச்சையாகிவிடுகிறது! வருந்தி அவன் பூவின் ஓரத்தை மீண்டும் சிவப்பாக்குகிறான். இப்பொழுது இலையின் நுனி சிவந்து போகிறது. இரண்டையும் ஒருங்கே திருத்த அவனால் இயலவில்லை.

இது மந்திரக் கதையன்று. 1980-களில் இங்கிலாந்திலும், பின்னர் ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும், பள்ளிப் பிள்ளைகள் தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து கணிப்பொறியில் படம் வரைய முற்பட்டபோது நாள்தோறும் கண்ட காட்சி. அக்காலத்தில் இதற்கு ‘நிறமோதல்’ என்னும் பொருள்படும் பெயரும் வழங்கிற்று. இது ஏன் நேர்ந்தது, இதனோடு மல்லாடிய பிள்ளைகள் எவ்வாறு நல்ல படங்களையும் வரைந்தனர் என்பனவற்றையே இங்கே சொல்லப் புகுகிறேன்.

அந்தக் கருவியின் பெயர் இசட்-எக்ஸ் ஸ்பெக்ட்ரம். கிளைவ் சின்கிளேர் என்னும் ஆங்கிலேயரின் நிறுவனம் 1982ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அதனை வெளியிட்டது. பார்வைக்கு ஒரு பாடப்புத்தகத்தின் அளவுதான் இருக்கும். மேலே நாற்பது ரப்பர் விசைகள். தனக்கென ஒரு திரை அதற்குக் கிடையாது. வீட்டிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துக்கொள்ள வேண்டும். பல வீடுகளில் அத்தகைய பெட்டி ஒன்றே இருந்தமையால், படம் வரையும் பிள்ளைக்கும் செய்தி கேட்க விரும்பும் தந்தைக்கும் இடையே வழக்கு எழுவதும் உண்டு. விலை, சிறு நினைவகம் உடையதற்கு 125 பவுன். பெரியதற்கு 175 பவுன். அதே காலத்தில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியிருந்த பி.பி.சி. மைக்ரோ என்னும் கணிப்பொறியின் பெரிய வகை 399 பவுனுக்கு விற்றது என்பதை நினைத்தால், ஸ்பெக்ட்ரம் எத்துணை மலிவு என்பது விளங்கும். எளிய குடும்பத்துப் பிள்ளையின் கைக்கும் அது எட்டியது. ஆனால் அந்த மலிவுக்கு ஈடாக ஏதோ ஒன்றைக் குறைத்தாக வேண்டுமன்றோ? குறைக்கப்பட்டது நிறம்.

கணித வகுப்பில் பயன்படும் கட்டத் தாளை நினைவில் கொள்ளுங்கள். ஸ்பெக்ட்ரத்தின் திரை அத்தகைய ஒரு தாள். கிடையாக 256 புள்ளிகள். மேலிருந்து கீழாக 192 புள்ளிகள். பெருக்கிப் பார்த்தால் 49,152 புள்ளிகள். படம் என்பது இப்புள்ளிகளுள் எவை எந்நிறம் என்னும் பட்டியலேயன்றி வேறில்லை. கணிப்பொறி அப்பட்டியலைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வினாடிக்கு ஐம்பது முறை அதனைப் படித்துத் திரையில் ஒளிரச் செய்கிறது.

பட்டியலை எழுத எவ்வளவு இடம் வேண்டும்? நினைவகத்தின் மிகச் சிறிய அறைக்குப் ‘பிட்’ என்று பெயர். அதில் 0 அல்லது 1 என்ற இரண்டில் ஒன்றுதான் அடங்கும். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். ஸ்பெக்ட்ரம் காட்டக்கூடிய நிறங்கள் பதினைந்து. ஒவ்வொரு புள்ளியும் தன் நிறத்தைத் தானே தேர்ந்துகொள்ள வேண்டுமானால், புள்ளிக்கு நான்கு பிட் தேவை. அவ்வாறாயின் ஒரு படத்துக்கு 24,576 பைட் ஆகும். சிறு ஸ்பெக்ட்ரத்தின் நினைவகமோ மொத்தமே 16,384 பைட். படம் முழுதும் நுழையாது. பிறகு நிரலுக்கு இடமேது? பெரிய ஸ்பெக்ட்ரத்திலும் பாதி நினைவகத்தைப் படமே விழுங்கிவிடும்.

ஆகவே அமைப்பாளர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு பிட்டைக் கொடுத்தார்கள். 1 என்றால் ‘மை’. 0 என்றால் ‘தாள்’. இதற்கு 6,144 பைட் போதும். நிறத்தைத் தனியே பிரித்தார்கள். எட்டுப் புள்ளி அகலமும் எட்டுப் புள்ளி உயரமும் உடைய சதுரக் கட்டங்களாகத் திரையைப் பகுத்தால் கிடையாக 32, நெடுக்காக 24, ஆக 768 கட்டங்கள் கிடைக்கும். கட்டம் ஒன்றுக்கு ஒரே பைட். அந்தப் பைட்டின் மூன்று பிட்டுகள் இக்கட்டத்தில் மையின் நிறம் யாது என்றும், மூன்று பிட்டுகள் தாளின் நிறம் யாது என்றும் சொல்லும். ஏழாவது பிட் இரண்டையும் ஒருங்கே பளிச்சிடச் செய்யும். எட்டாவது பிட், மையும் தாளும் மாறிமாறிக் கண் சிமிட்டுவதற்கு உரியது. (விளம்பரப் பலகைக்கு உதவும் இவ்வித்தைக்கு ஒரு பிட்டைச் செலவிட்டது வீண் என்பது என் கருத்து. மைக்கும் தாளுக்கும் தனித்தனியே பளிச்சிடும் ஆற்றலைத் தந்திருந்தால் ஓவியர்கள் வாழ்த்தியிருப்பார்கள்.) முழுப் படமும் 6,912 பைட்டில் அடங்கிவிட்டது.

பூவும் இலையும் கலங்கிய காரணம் இப்பொழுது விளங்கும். ஒரு கட்டத்துக்குள் மைக்கு ஒரு நிறம், தாளுக்கு ஒரு நிறம். மூன்றாவது நிறத்துக்கு அங்கே இடமில்லை. வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் எழுதிய பூவின் ஓரம் ஒரு கட்டத்தில் இருக்கிறது. அதே கட்டத்துக்குள் பச்சை மையால் ஒரு புள்ளி வைத்தாலும், அக்கட்டத்தின் மை முழுவதும் பச்சை என்று பட்டியல் மாறிவிடுகிறது. பூவின் புள்ளிகள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, நிறத்தைத்தான் இழந்துவிட்டன.

இனி, இத்தகைய கருவியில் அமர்ந்து வரைவது எப்படி என்று பார்ப்போம். 1983இல் ‘மெல்பர்ன் டிரா’ என்னும் வரைநிரலும், 1985இல் ‘ஆர்ட் ஸ்டூடியோ’ என்னும் மற்றொன்றும் வெளிவந்தன. பிந்தியதில் எழுதுகோல், தூரிகை, மை தெளிக்கும் குழல், பரப்பை நிரப்பும் கருவி, உருப்பெருக்கி ஆகியவை வரிசையாகப் பெயரிடப்பட்டுத் திரையிலேயே காத்திருக்கும். சுட்டி அல்லது ஜாய்ஸ்டிக் என்னும் கைப்பிடி வைத்திருப்போர் அவற்றால் வரையலாம். இல்லாதவர்க்கு விசைகளே கதி. இடப்புறம் செல்ல ஒரு விசை, வலப்புறம் செல்ல ஒரு விசை, மேலும் கீழும் செல்ல இரண்டு. விசைகளைக் கொண்டு ஒரு முகத்தின் வளைவை வரைவது, நடக்கத் தெரியாதவன் படிக்கட்டில் இறங்குவது போன்றது. பொறுமை மிக்க பிள்ளைகள் உருப்பெருக்கியைத் திறந்து, மிளகளவு தெரியும் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்தும் நீக்கியும் கண்ணையும் மூக்கையும் செதுக்கினார்கள்.

பரப்பை நிரப்பும் கருவி ஒன்றைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு வட்டத்தை வரைந்து, அதனுள் ஓரிடத்தைக் காட்டினால், நிரல் அவ்விடத்துப் புள்ளியில் மையிடும். பிறகு அதன் மேல், கீழ், வலம், இடம் உள்ள புள்ளிகள் வெறுமையாக இருக்கின்றனவா என்று சோதிக்கும். வெறுமையானவற்றில் மையிட்டு, அவற்றின் அயற்புள்ளிகளையும் அவ்வாறே சோதிக்கும். கோட்டைத் தொட்டதும் அத்திசையில் நின்றுவிடும். வயலில் பாய்ந்த நீர் வரப்பு வரையில் பரவி நிற்பதைப் போன்றதே இது. ஆனால் வரப்பில் நண்டு வளை இருந்தால் நீர் என்ன செய்யும்? வட்டத்தின் கோட்டில் ஒரே ஒரு புள்ளி விடுபட்டிருந்தாலும் போதும். மை அதன் வழியே கசிந்து திரை முழுவதையும் மூழ்கடித்துவிடும். இரண்டு மணி நேர உழைப்பு இரண்டு நொடியில் மறைந்துவிடும். இதற்காகவே ‘முன்செய்ததை விலக்கு’ என்னும் கட்டளை ஏற்பட்டது. அதற்கு முந்தைய படத்தின் படி ஒன்று நினைவகத்தின் வேறொரு மூலையில் இருக்க வேண்டும். பெரிய ஸ்பெக்ட்ரத்தில்கூட நிரலுக்கும் படத்துக்கும் போக எஞ்சுவது கொஞ்சமே. ஆகவே இன்று நாம் கணக்கின்றிப் பின்னோக்கிச் செல்வதுபோல் அன்று செல்ல முடியாது.

நிறமோதலை வென்ற வழிகள் பல. கட்டங்களின் எல்லை தெரியும்படி தாளில் முதலிலேயே படத்தைத் திட்டமிட்டு, இரு நிறங்கள் சந்திக்கும் இடம் கட்டத்தின் எல்லையிலேயே விழுமாறு வரைவது ஒரு வழி. இதனால் வீடும் மதிலும் நன்றாக அமையும். மலரும் முகமும் அமையா. மற்றொரு வழி இன்னும் சாமர்த்தியமானது. தாள் எங்கும் கறுப்பு. உருவங்களுக்கு மட்டும் நிறம். ஒன்றற்கும் மற்றொன்றற்கும் இடையே எட்டுப் புள்ளிக்குக் குறையாத இருள். இரவுக் காட்சிகள் அக்காலப் படங்களில் மிகுந்திருந்தமைக்கு இதுவே பெரும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1984இல் வந்த ‘நைட் லோர்’ என்னும் விளையாட்டை இயற்றியவர்கள், அறை ஒவ்வொன்றையும் ஒரே நிறத்தில் காட்டி இத்தொல்லையையே ஒழித்துவிட்டார்கள்.

மூன்றாவது வழி நம் கண்ணை ஏமாற்றுவது. செய்தித்தாளில் அச்சான புகைப்படத்தை உருப்பெருக்கியால் பார்த்தால் கறுப்புப் புள்ளிகளும் வெள்ளை இடைவெளிகளுமே தெரியும். சாம்பல் நிறம் அதில் எங்கும் இல்லை. அதுபோல், மை சிவப்பும் தாள் மஞ்சளுமாக வைத்துக்கொண்டு, சதுரங்கப் பலகையைப் போல் ஒன்றுவிட்டு ஒன்றாகப் புள்ளியிட்டால், எட்டி நின்று பார்ப்பவர்க்கு அது ஆரஞ்சு நிறமாகத் தோன்றும். ஆரஞ்சு நிறமோ ஸ்பெக்ட்ரத்தில் கிடையாது! அக்காலத் தொலைக்காட்சித் திரையின் மங்கலும் இதற்குத் துணை செய்தது. சியூரா என்னும் பிரெஞ்சு ஓவியர் 1880-களில் தூரிகை நுனியால் செய்து காட்டிய வித்தையைப் பள்ளிப் பிள்ளைகள் விசைகளால் செய்தார்கள். வண்ணத் தொலைக்காட்சி இல்லாத வீட்டுக்கும் அமைப்பாளர்கள் வழி வைத்திருந்தனர். கறுப்பு, நீலம், சிவப்பு, கருஞ்சிவப்பு, பச்சை, இளநீலம், மஞ்சள், வெள்ளை என்று 0 முதல் 7 வரை எண்ணிட்ட வரிசை, கறுப்பு-வெள்ளைத் திரையில் இருளிலிருந்து ஒளிக்கு ஏறும் ஏணியாகவே தெரியும்.

விலையுயர்ந்த கருவிகளின் நிலை என்ன? 1984 ஜனவரியில் அமெரிக்காவில் வெளிவந்த மாக்கின்டாஷின் விலை 2,495 டாலர். அதனுடன் வந்த ‘மாக்பெயிண்ட்’ என்னும் வரைநிரலைப் பில் அட்கின்சன் இயற்றினார். பரப்பை நிரப்பும் வாளி, சுருக்குக் கயிறு வீசிப் படத்தின் ஒரு பகுதியைப் பிடித்து நகர்த்தும் கருவி ஆகியவற்றை உலகுக்குப் பழக்கியது அதுதான். எனினும் அதன் திரையில் கறுப்பும் வெள்ளையும் அன்றி நிறமே இல்லை. நினைவகம் அக்காலத்தில் எல்லோர்க்கும் அருமையான பொருளே.

வரைந்த படத்தைச் சேமிப்பது எங்கே? மின்சாரம் நின்றால் நினைவகம் வெறுமையாகிவிடும். ஸ்பெக்ட்ரத்தில் இதற்கு உதவியது, பாட்டுக் கேட்கும் சாதாரண ஒலிநாடா. வானொலி கேட்போர்க்கு இது வியப்பாக இருக்கலாம்: படம் ஒலியாக மாறி நாடாவில் பதிந்தது. 0 என்னும் பிட்டுக்கு ஏறத்தாழ அரை மில்லிவினாடி நீளமுள்ள ஓர் ஒலியலை. 1 என்னும் பிட்டுக்கு அதனைப்போல் இருமடங்கு. கேட்பவர் காதுக்கு அது வண்டின் ரீங்காரமும் தகரத்தின் கீறலும் கலந்தாற்போல் இருக்கும். ஒரு படத்தில் 55,296 பிட்டுகள் உண்டு. அனைத்தும் 0 ஆனால் 27 வினாடியில் முடியும். அனைத்தும் 1 ஆனால் 54 வினாடி. ஆகவே மை குறைந்த படம் விரைவில் பாடி முடிந்தது. அடர்ந்த படம் நீளப் பாடியது. ஒலியே ஆனதால் கணிப்பொறி நிரல்கள் காற்றிலும் ஏறின. 1983இல் பெல்கிரேடு வானொலியின் ‘வென்டிலேட்டர் 202’ என்னும் நிகழ்ச்சி நிரல்களை ஒலிபரப்ப, நேயர்கள் அவற்றை வீட்டில் நாடாவில் பதிந்து கணிப்பொறியில் ஏற்றிக்கொண்டார்கள்.

நாடாவிலிருந்து படம் திரும்பி வரும் காட்சியைக் கண்டவர் மறவார். திரையின் ஓரங்களில் நீலமும் மஞ்சளுமான பட்டைகள் துடிக்கும். படம் மேலிருந்து ஒழுங்காக இறங்கி வராது. மேல் மூன்றிலொரு பகுதியில் முதல் வரி, ஒன்பதாம் வரி, பதினேழாம் வரி என்று எட்டு வரிகள் தோன்றும். பிறகு இரண்டாம் வரி, பத்தாம் வரி என்று இடைவெளிகள் நிரம்பும். அப்பகுதி முடிந்தபின் நடுப்பகுதி, அதன்பின் அடிப்பகுதி. அதுவரை எல்லாம் வெள்ளையில் கறுப்பு. நாடாவின் ஒலியளவு சிறிது பிசகியிருந்தாலும் பிழைச்செய்தி ஒன்று தோன்றி அனைத்தும் பாழாகும்; மீண்டும் நாடாவைச் சுற்றித் தொடங்க வேண்டும். பிசகாவிட்டால், கடைசி நாலைந்து வினாடியில் அந்த 768 பைட்டுகள் வந்து சேரும். மேலிருந்து கீழாகக் கட்டம் கட்டமாக நிறம் படர்ந்து, பூ சிவக்கும், இலை பச்சையாகும்.

ஸ்பெக்ட்ரத்தின் உற்பத்தி 1992இல் நின்றுவிட்டது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் இருப்பது இயல்பு; அவற்றுள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நிறம் உடையது. ஆயினும் ரஷ்யாவிலும் போலந்திலும் வேறு நாடுகளிலும், 6,912 பைட்டுக்குள் படம் வரைந்து ஒருவரோடொருவர் போட்டியிடுவோர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய படங்களில் கட்டம் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பார்ப்பதே ஒரு நல்ல பொழுதுபோக்கு. தேர்ந்த கை வரைந்த படத்தில் அது எளிதில் அகப்படுவதில்லை.