அரிவாளுக்குத் தோய்ச்சல்

அறுப்புக் காலம். புதிதாக வாங்கிய அரிவாள் முதல் நாளே உடைந்தால் அரை நாள் கூலி போய்விடும். கோடரி என்றால் ஆபத்து இன்னும் அதிகம். தெறிக்கும் சில்லு கண்ணையே கெடுத்துவிடும்.

"இரும்பு சரியில்லை" என்று சொல்வோம். பல நேரம் குறை இரும்பில் இல்லை. அதைக் காய்ச்சிய விதத்தில் இருக்கிறது. அடித்த விதத்தில் இருக்கிறது.

நம் நாட்டில் பல ஊர்களில் கொல்லர்கள் பழைய லாரி வில் பட்டையில் அரிவாள் அடிக்கிறார்கள். ராஜஸ்தானின் காடியா லோகார் மக்கள் மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்று கருவிகள் செய்தவர்கள். அவர்களில் பெண்களும் சம்மட்டி பிடிப்பார்கள்.

வில் பட்டை என்பது எஃகு. ஒரு கிலோ எஃகில் சுமார் 5 அல்லது 6 கிராம் கரி கலந்திருக்கும். இவ்வளவுதான்! ஆனால் கூர் நிற்பது இந்தக் கரியால்தான். ஜன்னல் கம்பியில் கரி மிகக் குறைவு. அதில் செய்த கத்தி சீக்கிரம் மழுங்கிவிடும்.

உடைந்த எஃகை உற்றுப் பாருங்கள். உப்புக்கல் போல மணிமணியாகத் தெரியும். மணி சிறிதாக இருந்தால் எஃகு உறுதியானது. பெரிதாக இருந்தால் எளிதில் உடையும். சிவக்கக் காய்ச்சி அடித்தால் மணிகள் சிறிதாகின்றன. உலையில் அதிகம் காய்ந்தால் அவை வளர்ந்துவிடும். வெள்ளையாகிப் பொறி பறந்தால் எஃகு கருகிவிட்டது. அதற்கு மருந்தே இல்லை. ஆறிய பிறகு அடிப்பதும் கெடுதல்தான். ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்துங்கள். முதலில் விறைக்கும், பிறகு ஒடியும்.

வடிவம் வந்தபின் வாய்ப்பகுதியைத் தணல்போலச் சிவக்கவைத்து, சட்டென்று தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்ப்பார்கள். அந்தச் சூடு சுமார் 800 டிகிரி. அப்போது எஃகில் காந்தம் ஒட்டாது. தோய்த்ததும் எஃகு கண்ணாடிபோலக் கடினமாகும். கண்ணாடிபோல உடையவும் செய்யும்!

ஆகவே மறுபடியும் இளஞ்சூடு காட்ட வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் நிறம் ஏறும். 220 டிகிரி அளவில் வைக்கோல் நிறம். பிறகு பழுப்பு, ஊதா. 300 டிகிரியில் நீலம். சூடு ஏற ஏறக் கடினம் குறையும், உறுதி கூடும். அடி வாங்கும் கோடரிக்கு ஊதா வரை விடலாம். அரிவாளுக்கு அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள்.

சாணை பிடிக்கும்போதும் கவனம் வேண்டும். தண்ணீர் விடாமல் தேய்த்தால் வாய் நீலமாகும். அந்த இடத்தில் கூர் நிற்காது. கொல்லரிடம் கொடுத்து மறுபடியும் தோய்ச்சல் போட வேண்டியதுதான்.