சம்பளம் கூடினா கையில வர்றது குறையுமா? பள்ளிக் கணக்கு சொல்லும் பதில்

'ஸ்லாப் மாறிடும், ஹைக் வேண்டாம்பா' என்ற பேச்சு அப்ரைசல் சீசனில் சகஜம். வருமானம் 16 லட்சத்தைத் தாண்டினால் மொத்தத்துக்கும் 20% வரி என்ற பயம்தான் காரணம். அது தவறு. ஆனால் 12 லட்சத்துக்குப் பக்கத்தில் மட்டும் அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கு.

பத்தாம் வகுப்பில் படிச்ச 'சார்பு' ஞாபகம் இருக்கா? ஒரு எண்ணை உள்ளே கொடுத்தா, ஒரே ஒரு எண் வெளியே வரும். உள்ளே கொடுக்கக்கூடிய எண்கள் மதிப்பகம்; வெளியே வருபவை வீச்சகம். சில சார்புகளில் மதிப்பகத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஃபார்முலா வைப்பார்கள். இதுதான் பீஸ்வைஸ் ஃபங்ஷன். நம்ம வருமான வரியும் அப்படித்தான். வரிக்குரிய வருமானம் உள்ளே போகும், வரி வெளியே வரும்.

2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5%, 10%, 15%, 20%, 25% என ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30%. 12 முதல் 16 லட்சம் வரையிலான ஃபார்முலா: 60,000 ரூபாய், கூடவே 12 லட்சத்துக்கு மேல் உள்ள தொகையில் 15%. 16 லட்சத்தில் இந்தத் துண்டு 1,20,000 ரூபாயில் முடியுது. அடுத்த துண்டு அங்கேயே தொடங்குது. ஒரு ரூபாய் கூடினால் வரி 20 காசுதான் கூடும்.

சிக்கல் 87ஏ தள்ளுபடியில் வருது. 12 லட்சம் வரை வரி பூஜ்யம். ஒரு ரூபாய் தாண்டினாலே 60,000! அதாவது வீச்சகத்தில் பெரிய ஓட்டை: பூஜ்யத்துக்கு அடுத்து நேரா 60,000-க்கு மேல்தான். 12,10,000 ரூபாய் வருமானம் உள்ளவர் 61,500 கட்டி, 12 லட்சக்காரரைவிடக் குறைவா வீட்டுக்கு எடுத்துட்டுப் போவார்.

இதைச் சரிசெய்ய இன்னொரு துண்டு ஒட்டியிருக்காங்க: மார்ஜினல் ரிலீஃப். 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூடுதலோ, வரி அதைத் தாண்டாது. 12,10,000-க்கு வரி 10,000தான். சுமார் 12,70,588 ரூபாயில் இந்தத் துண்டு பழைய ஃபார்முலாவோடு சேர்ந்துடும். ஓட்டை அடைபட்டாச்சு. ஆனா இந்த இடைவெளியில் கூடுதலா சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வரிக்கே போகுது. மேல 4% செஸ் வேற!

மாதச் சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு என்பதால், ஆண்டுச் சம்பளத்தில் இந்த எல்லை 12.75 லட்சம். வேறு வருமானமோ கழிவோ இல்லாதவருக்கு சம்பளம் 12.75-லிருந்து 13.25 லட்சம் ஆனால், கூடுதல் 50,000-க்கு வரியும் செஸ்ஸும் 52,000. கையில் 2,000 குறையும். அந்த உயர்வை நிறுவனத்தின் என்பிஎஸ் பங்களிப்பாத் தர முடியுமான்னு எச்ஆர்-கிட்ட கேட்கலாம். உரிய வரம்புக்குள் அந்தத் தொகைக்குப் புதிய முறையிலும் வரிக் கழிவு உண்டு.